மோட் செஞ்சாச்சு, எங்க போடறது?

"இந்த மோட் உங்களுக்குக் கிடைக்காது."

இந்த ஒரு வரியப் பாத்ததுல வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கல.

காசு குடுத்து வாங்கின கேம். (பேர் வேண்டாம்.) தள்ளுபடி போட்டிருந்தாங்கன்னு ஒரு ஆன்லைன் கடையில வாங்கினேன். அதே கேம், அதே வெர்ஷன், அதே கம்பியூட்டர். ஆனா அந்த கேமுக்கு ஆட்டக்காரங்க செஞ்ச மோட் எல்லாம் இன்னொரு கடைக்குள்ள இருக்கு. அந்தக் கடையில மறுபடியும் காசு கட்டி வாங்கினாத்தான் உள்ள விடுவாங்களாம்.

மோட்னா என்னன்னு கேக்கறவங்களுக்கு: கேமை வெளியிட்ட கம்பெனி செய்யாம, விளையாடறவங்களே செஞ்சு சேக்கற விஷயங்கள். புது வீடு, புது பஸ், புது சட்டம், சில நேரம் முழுசா புது ஆட்டம். பெரும்பாலும் சும்மா செஞ்சு, சும்மாவே குடுக்கறாங்க.

காய்கறி வாங்கினா கடைக்காரர் கருவேப்பிலைய கொசுறா போடுவார். அவர் சரக்கு, அவர் இஷ்டம், யாருக்கு வேணும்னாலும் குடுக்கட்டும். மோட் அப்படி கம்பெனி போடற கொசுறு கிடையாது. யாரோ ஒருத்தர் ராத்திரி கண்ணு முழிச்சு செஞ்சது. அதை யார் கையில சேக்கணும்னு செஞ்சவர் முடிவு பண்ண முடியலன்னா, அதுதான் எனக்கு உறுத்துது.

இந்தக் கோபத்தோட இருந்தப்பதான் அக்கா பையன் வந்து கேட்டான்: "மாமா, செஞ்சு முடிச்சிட்டேன். எங்க போடறது?"

அவன் செஞ்சது என்னன்னு முதல்ல சொல்லிடறேன், ஏன்னா எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பாலிடெக்னிக்ல படிக்கறான். லீவு விட்டா 3டி மாடல் செய்யற பிளெண்டரத் திறந்து உக்காந்துடுவான். 'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்'னு ஒரு கேம் தெரியுமா? 2015-ல வந்தது. ரோடு போட்டு, தண்ணி குடுத்து, பஸ் விட்டு, ஒரு ஊரையே கட்டலாம். அதுக்கு இவன் சிங்கப்பூர் லிட்டில் இந்தியா கடைவீட்டு வரிசை ஒண்ணு செஞ்சிருக்கான்.

ரெண்டு மாடி. மேல மரச் சட்டம் போட்ட ஜன்னல். கீழ அஞ்சடி.

(அஞ்சடி பத்தி ஒரு விஷயம். கடைக்கு முன்னாடி கூரை போட்ட நடைபாதை விடணும்னு 1822-லயே ராஃபிள்ஸ் சிங்கப்பூர் நகரத் திட்டத்துக்கான உத்தரவுல சொல்லியிருக்காரு. அதனாலதான் டன்லப் ஸ்ட்ரீட்ல பாதி தூரம் மழையில நனையாம போக முடியுது.)

கலருக்கு அவன் எடுத்துக்கிட்டது கெர்பாவ் ரோட்டுல இருக்கற டான் டெங் நியா வீடு. 1900-ல கட்டினது, தேக்காவுக்கு (லிட்டில் இந்தியாவுக்கு நாங்க சொல்ற பேர்) வர்ற டூரிஸ்ட் எல்லாம் முன்னாடி நின்னு ஃபோட்டோ எடுப்பாங்களே, அதேதான். ஒவ்வொரு ஜன்னல் கதவும் ஒவ்வொரு கலர். அதப் பாத்து பாத்து தன்னோட வரிசைக்கு கலர் குடுத்திருக்கான்.

ஒரு இடத்துலதான் ரொம்ப மண்டைய உடைச்சான். பலகை.

பூக்கடைன்னு தமிழ்ல பலகை வச்சான். கிட்ட இருந்து பாத்தா அழகா இருக்கு. கேமுக்குள்ள கொஞ்சம் மேல போய் பாத்தா 'க்' மேல இருக்கற புள்ளி காணாமப் போயிடுது! தூரத்துல இருந்து பாக்கறப்போ கம்பியூட்டருக்கு வேலை குறையணும்னு கேம் சின்னப் படத்தைப் போட்டுக்கும். அந்தச் சின்னப் படத்துல புள்ளிக்கு இடமே இல்ல. பல தடவை மாத்திப் பாத்தான். கடைசியில எழுத்தைத் தடிமனாக்கி, புள்ளியை மட்டும் அளவுக்கு மீறி பெரிசா வச்சு, நிறத்தையும் வெளிறின மஞ்சளாக்கி, ஒருவழியா நின்னுச்சு. இப்ப மேல இருந்து பாத்தாலும் பூக்கடை பூக்கடையாவே இருக்கு.

இத எந்தக் கம்பெனியும் நமக்காக செய்யப் போறதில்ல.

இத அடிச்சுச் சொல்றேன், காரணம் இருக்கு. இந்த கேமோட ரெண்டாம் பாகம் 2023 அக்டோபர்ல வந்துச்சு. வெளியீட்டாளர் பாரடாக்ஸ், சுவீடன் கம்பெனி. அவங்க மோட் செய்யறவங்களையே பிடிச்சு, நாட்டு வாரியா கட்டடத் தொகுப்பு செய்ய வச்சு இலவசமா குடுத்தாங்க. பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன், கிழக்கு ஐரோப்பா, ஜப்பான், சீனா, அமெரிக்காவுக்கு ரெண்டு. நல்ல காரியம், பாராட்டணும். ஆனா அந்த வரிசையில தென்கிழக்காசியா இல்ல. இந்தியா இல்ல.

நம்ம வீவக அடுக்குமாடி புளோக், நம்ம கடைவீடு, நம்ம கோப்பிக்கடை எல்லாம் ஒரு கேமுக்குள்ள வரணும்னா ஆட்டக்காரங்க கையாலதான் வரணும். முதல் பாகத்துக்கு வீவக புளோக்கெல்லாம் வந்தது அப்படித்தான். அதனாலதான் மோட் எங்க இருக்கு, யாருக்குக் கிடைக்குதுங்கறது நம்மள மாதிரி சின்ன ஊர்க்காரங்களுக்கு ரொம்ப பெரிய விஷயம். நியூயார்க்க விக்க கம்பெனி இருக்கு. சிராங்கூன் ரோட்டுக்கு நாமதான் இருக்கோம்.

சரி, எங்க போடறது?

முதல் பாகத்துக்கு பதில் சுலபம். ஸ்டீம் ஒர்க்‌ஷாப்.

வால்வ் கம்பெனி தன்னோட ஸ்டீம் ஆன்லைன் கடைக்குள்ள 2011-ல ஆரம்பிச்சது. கேமுக்குள்ளயே 'பகிர்'னு ஒரு பொத்தான் இருக்கும், அமுக்கினா மோட் மேல போயிடும். வேணுங்கறவங்க 'சப்ஸ்கிரைப்'னு அமுக்கினா தானா இறங்கிடும். நீங்க ஏதாவது திருத்திப் போட்டா அவங்களுக்கும் தானா மாறிடும். இடத்துக்கு வாடகை கிடையாது. இதுல லட்சக்கணக்கான கட்டடம், ரோடு, மரம் எல்லாம் குவிஞ்சு கிடக்கு. அந்த கேம் இத்தனை வருஷம் உயிரோட இருக்கறதுக்கு இதுதான் பெரிய காரணம்னு நான் சொல்வேன்.

ஆனா ஒரு சிக்கல். கேமை ஸ்டீம்ல வாங்கியிருக்கணும்.

2020 டிசம்பர்ல இதே கேமை எபிக் கடையில இலவசமா குடுத்தாங்க. எத்தனை பசங்க சந்தோஷமா எடுத்திருப்பாங்க! எடுத்தவங்களுக்கு ஒர்க்‌ஷாப் கிடையாது. எக்ஸ்பாக்ஸ்ல வாங்கினவங்களுக்கும் கிடையாது. பிளேஸ்டேஷன்ல வாங்கினவங்களுக்கும் கிடையாது. கம்பியூட்டர்ல விளையாடறவங்களுக்காவது யாராவது ஃபைலைத் தனியா எடுத்துக் குடுத்தா, ஃபோல்டரைத் தேடி கையால போட்டுக்கலாம். கன்சோல்காரங்களுக்கு அதுவும் இல்ல.

இதுக்கு பாரடாக்ஸ் ரெண்டாம் பாகத்துல எடுத்த முடிவுதான் சுவாரசியம். ஒர்க்‌ஷாப்பையே விட்டுட்டாங்க! 'பாரடாக்ஸ் மோட்ஸ்'னு சொந்த இடம். இந்த ரெண்டாம் பாகத்துக்கு அதை 2024 மார்ச்ல திறந்தாங்க. ஸ்டீம்ல வாங்கினாலும் சரி, மைக்ரோசாஃப்ட் கடையில வாங்கினாலும் சரி, எல்லாருக்கும் ஒரே இடம்ங்கறதுதான் அவங்க சொன்ன காரணம்.

நியாயமான காரணம். நான் முழுசா ஒத்துக்கறேன்.

ஆனா நிறைய பழைய ஆட்டக்காரங்களுக்குக் கோபம். அவங்க பக்கமும் நியாயம் இருக்கு. பழக்கமான இடம் போச்சு. தனியா பாரடாக்ஸ் கணக்கு ஒண்ணு திறக்கணும். எல்லாத்துக்கும் மேல, வெளியீட்டாளரே சாவிய வச்சிருந்தா நாளைக்கு கேம் விக்காமப் போனா அந்த இடத்த யார் பாத்துப்பாங்க?

நான் ரெண்டு பக்கத்தையும் கேட்டுட்டுச் சொல்றேன்: எல்லாருக்கும் கிடைக்கற மாதிரி இடம் கட்டினது சரி. அது ஒண்ணுதான் இடம்னு வைக்கறது சரியில்ல.

ஏன் இப்படிச் சொல்றேன்னா, நம்ம ஊர்லயே இதுக்கு ஒரு பெரிய கதை இருக்கு. கொஞ்சம் பின்னாடி போவோம்.

2000-களோட நடுவுல இங்க படிச்ச பசங்களுக்கு செலிகி ரோடு பார்க்லேன் தெரியாம இருக்காது. கம்பியூட்டர்களை இணைச்சு விளையாடற லேன் கடைங்க. தேக்காவுல இருந்து நடந்தே போயிடலாம். ஸ்கூல் விட்டா யூனிஃபார்ம மாத்திட்டு அங்கதான். ஏசி குளிர், கீபோர்டு சத்தம், பக்கத்து வரிசையில இருந்து யாரோ கத்தறது.

எல்லார் ஸ்கிரீன்லயும் ஒரே ஆட்டம். டோட்டா.

அது ஒரு மோட் தெரியுமா? ப்ளிசார்ட் கம்பெனியோட 'வார்கிராஃப்ட் 3' 2002-ல வந்துச்சு. கேம் வாங்கினா கூடவே மேப் செய்யற எடிட்டரும் டிஸ்க்லயே வரும். அதுல 2003-ல ஒருத்தர் செஞ்ச மேப், அப்பறம் இன்னொருத்தர் கை, அப்பறம் ஐஸ்ஃப்ராக்னு ஒருத்தர் கைன்னு மாறி மாறி வளந்ததுதான் டோட்டா.

அது எப்படிப் பரவுச்சுங்கறதுதான் இங்க முக்கியம். கடையும் இல்ல, சப்ஸ்கிரைப் பொத்தானும் இல்ல. ஒருத்தர் ஆட்டம் போட்டா நீங்க உள்ள நுழையறீங்க. உங்ககிட்ட மேப் இல்லையா? அவர் கம்பியூட்டர்ல இருந்தே உங்களுக்கு இறங்கும். உங்க பேருக்குப் பக்கத்துல சதவீதம் ஓடும். மத்தவங்க எல்லாம் "சீக்கிரம், சீக்கிரம்"னு எழுதுவாங்க. மேப் இத்தனை எம்பிக்கு மேல போகக் கூடாதுன்னு கேமே ஒரு வரம்பு வச்சிருந்ததால (முதல்ல 4, அப்பறம் 8) நெட் மெதுவா இருந்தாலும் வந்து சேந்துடும். லேன் கடையில அதுவும் வேண்டாம், கடைக்காரரே எல்லா மெஷின்லயும் புது மேப்ப காப்பி பண்ணி வச்சிருப்பார்.

விளையாடினவங்க எல்லாரும் அப்பவே அதைப் பரப்பினவங்களும் ஆயிட்டாங்க. யாரும் யாரையும் கேக்கல.

அதுக்கப்பறம் கரீனா வந்துச்சு. 2009-ல நம்ம சிங்கப்பூர்ல ஆரம்பிச்ச கம்பெனி, இன்னிக்கு நியூயார்க் பங்குச்சந்தையில இருக்கற ஸீ குழுமம். அவங்க சாஃப்ட்வேரப் போட்டா வீட்ல உக்காந்துக்கிட்டே பக்கத்து மெஷின்ல விளையாடற மாதிரி டோட்டா விளையாடலாம். மணிலாவுல ஒருத்தன், ஜோகூர்ல ஒருத்தன், ஈசூன்ல நாம. ஒரு ஆட்டக்காரர் செஞ்ச மேப்பைச் சுத்தி இந்த வட்டாரத்துல ஒரு தலைமுறையே சேந்து உக்காந்துச்சு.

2011 ஆகஸ்ட்ல ஜெர்மனியில முதல் 'தி இன்டர்நேஷனல்' டோட்டா போட்டி நடந்துச்சு. அதுல நம்ம சிங்கப்பூர் அணி சைத் மூணாவது இடம். 2022 அக்டோபர்ல அதே உலகப் போட்டி சிங்கப்பூருக்கே வந்துச்சு. சன்டெக்ல ஆரம்பிச்சு, கடைசிச் சுற்று உள்ளரங்கு விளையாட்டரங்கத்துல. ஒரு மேப் ஃபைல் வந்து சேந்த இடத்தைப் பாருங்க!

இதுல வெளியீட்டாளருங்க என்ன கத்துக்கிட்டாங்க? ரெண்டு கம்பெனி ரெண்டு பாடம் படிச்சுச்சு.

வால்வ் 2009-ல ஐஸ்ஃப்ராக்க வேலைக்கு எடுத்துச்சு. டோட்டா 2 செஞ்சாங்க. அதுலயும் ஆட்டக்காரங்க மேப் செய்யலாம்னு வச்சாங்க. 2019-ல அதுக்குள்ள இருந்து 'ஆட்டோ செஸ்' கிளம்பி ஒரு புது வகை ஆட்டத்தையே உண்டாக்குச்சு. அது பிறந்த இடம் ஒர்க்‌ஷாப்தான், அதையும் ஒத்துக்கணும். ஒழுங்கா வச்சு நடத்தினா கம்பெனி இடத்துலயும் பெரிய விஷயம் முளைக்கும்.

ப்ளிசார்ட் வேற மாதிரி யோசிச்சாங்க. 2020 ஜனவரில வார்கிராஃப்ட் 3-ய புதுப்பிச்சு விட்டப்போ, இதுல நீங்க செய்யற எல்லா ஆட்டமும் எங்களுக்கே சொந்தம்னு விதியில எழுதிட்டாங்க. இன்னொரு டோட்டா கை நழுவிப் போயிடக் கூடாதுங்கற பயம். எனக்கு இது பெரிய தப்பா படுது. உரிமை மொத்தமும் உனக்குத்தான்னா, நான் எதுக்கு என் நல்ல யோசனைய உன் வீட்டுல வந்து செய்யணும்?

அக்கா பையன்கிட்ட இதத்தான் முதல் பாடமா சொன்னேன். போடறதுக்கு முன்னாடி விதியைப் படி. ஒர்க்‌ஷாப்ல உன் பொருள் உன்னோடதாவே இருக்கும், அவங்களுக்குப் பயன்படுத்த அனுமதி மட்டும் குடுக்கற. அப்படி இருந்தா போடு.

"காசு வருமா மாமா?"ன்னு கேட்டான்.

கேக்க வேண்டிய கேள்விதான். உழைச்சவன் காசு கேக்கறதுல என்ன தப்பு?

2015 ஏப்ரல் 23. ஸ்டீம்ல 'ஸ்கைரிம்' கேமோட மோட்களக் காசுக்கு விக்கலாம்னு வால்வும் பெதஸ்டாவும் அறிவிச்சாங்க. 100 வெள்ளிக்கு வித்தா செஞ்சவருக்கு 25. வால்வுக்கு 30. கேம் கம்பெனி பெதஸ்டாவுக்கு 45. நாலே நாள். ஏப்ரல் 27-ல கடையை மூடி, வாங்கினவங்களுக்குக் காசத் திருப்பிக் குடுத்தாங்க. அவ்வளவு எதிர்ப்பு.

நிறைய பேர் இதை 'மோட்னா இலவசம், காசுன்னா துரோகம்'னு பேசினாங்க. நான் அந்தக் கட்சி கிடையாது. அதே வால்வ், தன்னோட கேம்களுக்கு ஒர்க்‌ஷாப்ல தொப்பி, துப்பாக்கி டிசைன் செஞ்சு குடுத்தவங்களுக்கு 5.7 கோடி அமெரிக்க டாலருக்கு மேல குடுத்திருக்கோம்னு அதே வருஷத் தொடக்கத்துல சொல்லியிருந்தாங்க. அது யாருக்கும் கசக்கல. ஏன்? அங்க ஆரம்பத்துல இருந்தே அதுதான் பேச்சு.

ஸ்கைரிம்ல அப்படி இல்ல. வருஷக்கணக்கா ஒருத்தர் மோடை இன்னொருத்தர் எடுத்து, அதுமேல இன்னொண்ணு கட்டி, எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடந்துச்சு. அதுல திடீர்னு ஒருத்தர் மட்டும் விலைச்சீட்டு ஒட்டினா மத்தவங்க உழைப்புக்கு யார் பதில் சொல்றது? அதுவும் செஞ்சவருக்கு கால் பங்குதான்.

பெதஸ்டா அதுக்கப்பறம் 2017-ல 'கிரியேஷன் கிளப்' கொண்டு வந்தாங்க. இவங்களே ஆளத் தேர்ந்தெடுத்து, புதுசா செய்யச் சொல்லி, காசு குடுத்தாங்க. அதே வருஷம் மைன்கிராஃப்ட்லயும் கடை திறந்துச்சு. மொபைல், கன்சோல் எல்லாத்துலயும் அந்தக் கடை. ஆனா கம்பியூட்டர்ல ஓடற பழைய ஜாவா மைன்கிராஃப்ட்ட மட்டும் திறந்தே விட்டிருக்காங்க. மோட எங்க வேணா வைக்கலாம், ஆனா காசுக்கு விக்கக் கூடாது. பசங்களக் கேட்டுப் பாருங்க, எது சுவாரசியம்னு. பெரும்பாலும் ஜாவாதான் சொல்லுவாங்க.

அப்போ எல்லாத்தையும் திறந்து விட்டா போதுமா? போதாது. இங்கதான் நான் கம்பெனிங்க பக்கம் கொஞ்சம் சாயறேன்.

2023 ஜூன்ல மைன்கிராஃப்ட் மோட்கள் இருக்கற பெரிய தளம் கர்ஸ்ஃபோர்ஜ்ல வைரஸ் வந்துச்சு. சில மோட் ஆசிரியர்களோட கணக்குக்குள்ள புகுந்து, நல்ல மோட்களுக்குள்ளயே வைரஸ வச்சுட்டாங்க. பிரவுசர்ல சேமிச்ச லாகின், கேம் கணக்கு எல்லாத்தையும் திருடற வகை. அதைப் போட்டவங்கள்ல பாதிப் பேர் ஸ்கூல் பசங்களாத்தான் இருந்திருப்பாங்கன்னு நினைச்சாலே எனக்குப் பதறுது. கடைவீடு மாதிரி வெறும் கட்டட மாடல்னா பெரிசா பயம் இல்ல. உள்ள ஓடற புரோகிராமோட வர்ற மோட்னா யாராவது பாத்துத்தான் விடணும். அந்தப் பொறுப்ப எடுத்துக்கிட்டு ஆள் போடற வெளியீட்டாளர மதிக்கறேன்.

இன்னொரு உதாரணம், இது நம்ம தமிழ்ப் பசங்க உலகம்.

'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா'. இந்தோனேசியாவுல மாலியோங்கற கம்பெனி 2017-ல வெளியிட்ட மொபைல் கேம். இந்தோனேசிய ரோட்டுல பஸ் ஓட்டற ஆட்டம். பஸ்ஸுக்கு நீங்களே பெயின்ட் அடிக்கலாம், புது வண்டி மோடும் போடலாம்னு அந்தக் கம்பெனி வழி விட்டுச்சு. தமிழ்நாட்டுப் பசங்க விடுவாங்களா? அரசு விரைவுப் பேருந்து, டவுன் பஸ், தனியார் பஸ், கலர் லைட், ஏர் ஹாரன்னு இறங்கிட்டாங்க. ஜகார்த்தா பக்கத்து ரோட்டுல நம்ம ஊர் பஸ் போகுது. யூடியூப்ல தேடிப் பாருங்க, நேரம் போறதே தெரியாது.

ஆனா அந்த மோட் கைக்கு வர்ற வழியைப் பாருங்க. வீடியோவுக்குக் கீழ ஒரு லிங்க். அதை அமுக்கினா விளம்பரம் நிறைஞ்ச ஒரு பக்கம். அதுல எது உண்மையான டவுன்லோட் பொத்தான்னு கண்டுபிடிக்கணும். இறங்கின ஜிப் ஃபைலுக்கு பாஸ்வேர்டு. அது வீடியோவுல எங்கயோ நடுவுல வரும், முழுசாப் பாக்கணும். கொஞ்ச நாள்ல லிங்க் செத்துப் போயிடும். அப்பறம் இன்னொரு சேனல்காரர் அதே பஸ்ஸை எடுத்து தன் பேர்ல போடுவாரு. முதல்ல செஞ்ச பையன் பேர் எங்கயும் இருக்காது.

மோட் செய்ய வழி விட்ட கம்பெனி, வைக்கறதுக்கு நல்ல இடத்தையும் சேத்துக் குடுத்திருந்தா இந்தப் பாடு இல்ல. செஞ்சவர் பேர் நிலைக்கும், பத்து வயசுப் பையன் கண்ட கண்ட பக்கத்துல போய் அமுக்க வேண்டியதில்ல.

கன்சோல் கதையையும் சொல்லிடறேன். 2016-ல ஸ்கைரிம் பிளேஸ்டேஷனுக்கு மோடோட வரும்னாங்க. ரொம்ப இழுபறிக்கு அப்பறம் சோனி ஒத்துக்கிட்டாங்க, ஆனா ஒரு நிபந்தனை. கேமுக்குள்ள ஏற்கனவே இருக்கற படம், மாடல், சத்தத்தை வச்சு மட்டும்தான் மோட் செய்யணும். வெளியில இருந்து எதுவும் கொண்டு வரக் கூடாது.

அந்த விதியை நம்ம பையன் கடைவீட்டுக்கு வச்சுப் பாருங்க. ஜன்னல் வெளியில இருந்து வந்தது. ஓடு வெளியில இருந்து வந்தது. பூக்கடைப் பலகை, அந்தப் பெரிய புள்ளி, எல்லாம் வெளியில இருந்து வந்தது. எதுவும் உள்ள நுழையாது. இருக்கற மரவீட்டைத் திருப்பி வச்சு லிட்டில் இந்தியான்னு சொல்லிக்க வேண்டியதுதான். கம்பெனி ஏற்கனவே நினைச்சுப் பாத்த உலகத்துக்குள்ளயே சுத்தணும்னா, யாரும் நினைச்சுப் பாக்காத ஊர்க்காரங்க என்ன செய்யறது?

வெளித்தளங்கள் இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு. நெக்ஸஸ் மோட்ஸ் 2001-ல ஒரு ரசிகர் ஆரம்பிச்சு ரொம்ப பெரிசா வளந்தது. எந்தக் கடையில கேம் வாங்கினாலும் எடுத்துக்கலாம். ஆனா 2021-ல, இனிமே போட்ட மோட நீங்க முழுசா அழிக்க முடியாது, ஓரமா எடுத்து வைப்போம்னு விதிய மாத்தினாங்க. சில பேர் தங்களோட எல்லா மோடையும் எடுத்துட்டு வெளியேறிட்டாங்க. 2025-ல தளமே வேற கைக்கு மாறிடுச்சு. வெளித்தளம்னா என்னிக்கும் நம்மளுதுன்னு அர்த்தம் இல்ல.

அப்போ யாராவது சரியா செஞ்சிருக்காங்களா?

என் கணக்குல லேரியன் கம்பெனி கிட்டத்தட்ட சரியா செஞ்சாங்க. அவங்க கேம் 'பால்டர்ஸ் கேட் 3'. 2024 செப்டம்பர்ல கேமுக்குள்ளயே மோட் எடுக்கற வசதி வச்சாங்க. சொந்தமா இடம் கட்டாம, மோட்.ஐஓங்கற ஆஸ்திரேலிய கம்பெனிகிட்ட குடுத்தாங்க. அவங்க தொழிலே இதுதான். கம்பியூட்டர், எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன் எல்லாத்துக்கும் அதே இடம். கன்சோலுக்குப் போறத மட்டும் பாத்து வடிகட்டி விடறாங்க. கூடவே நெக்ஸஸ்ல இருக்கற மோட்களையும் தொடல. கம்பியூட்டர்காரங்க பழைய மாதிரியே அங்க இருந்தும் எடுத்துக்கலாம்.

பத்திரமான வழி ஒண்ணு, திறந்த வழி ஒண்ணு. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல. நான் கேக்கறது இவ்வளவுதான்!

வெளியீட்டாளர்கள்கிட்ட நேராவே சொல்லிடறேன்.

உங்க கேமை எந்தக் கடையில வாங்கினாலும் மோட் கிடைக்கணும். வாங்கினவன் வாங்கினவன்தான்.

நீங்க இடம் கட்டுங்க, வைரஸ் இருக்கான்னு பாருங்க, பசங்களுக்குப் பாதுகாப்பா வைங்க. ஆனா அதே மோட வெளியில வைக்கவும் விடுங்க. உங்க சர்வர அணைக்கற நாள்ல எங்க ஊரும் சேந்து அணையக் கூடாது.

செஞ்சவங்க பேர் மேல இருக்கட்டும், உரிமை அவங்ககிட்டயே இருக்கட்டும். காசுக்கு விக்கறதா இருந்தா பங்க முதல்லயே பேசுங்க, செஞ்சவருக்கு கால் பங்குன்னு ஆரம்பிக்காதீங்க.

மோட் செய்யற தம்பி தங்கைங்களுக்கும் ஒண்ணு. மூல ஃபைல (பிளெண்டர் ஃபைல், படங்கள், எழுத்துரு எல்லாம்) உங்க ஹார்ட் டிஸ்க்ல ஒண்ணு, வேற எங்கயாவது ஒண்ணுன்னு வச்சிருங்க. தளம் மாறும், கேம் மாறும், ரெண்டாம் பாகம் வரும். மூல ஃபைல் இருந்தா புது கேமுக்கு மறுபடி மாத்திக்கலாம். என் அக்கா பையனுக்கு அதான் சொல்லியிருக்கேன்: ஒர்க்‌ஷாப்ல போடு, எபிக்ல எடுத்த பசங்களுக்காக ஃபைல வெளியிலயும் போடு, உன் பேரையும், யார் யார் எடுத்து மாத்தலாம்ங்கறதையும் தெளிவா எழுது. தமிழ்லயும் எழுது, தமிழ்ல தேடறவங்களும் இருக்காங்க.

அடுத்த தடவை கேம் வாங்கப் போறீங்கன்னா, அதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாருங்க. இந்தக் கடையில வாங்கினா மோட் கிடைக்குமா? மோட் செஞ்சா அது யாருக்குச் சொந்தம்னு விதியில எழுதியிருக்கு? பதில் பிடிக்கலன்னா வேற கடை, இல்ல வேற கேம். நம்ம வெள்ளி எங்க போகுதுன்னு பாத்துத்தான் அவங்களும் முடிவு எடுப்பாங்க.